போய்விட்டு வாருங்கள்! – கியோட்டோவின் ஐந்து மலை நெருப்பு

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாசலுக்குப் போய் வரவேற்கிறோம். கிளம்பும்போது தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்புகிறோம். வரவேற்பில் குறை இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். வழியனுப்ப யாரும் வராவிட்டால் அது மனசில் தங்கிவிடும், இல்லையா?

ஜப்பானியர்கள் இந்த மரியாதையை இறந்துபோன பெரியவர்களுக்கும் செய்கிறார்கள். வருஷத்தில் நாலு நாள் அவர்களை வீட்டுக்கு அழைத்து, உபசரித்து, நாலாம் நாள் இரவு நெருப்பு ஏற்றி வழியனுப்பி வைக்கிறார்கள். அழைப்பதற்கு ஒரு நெருப்பு, அதன் பெயர் 'முக்காயெபி'. அனுப்புவதற்கு ஒரு நெருப்பு, அதன் பெயர் 'ஒக்குரிபி'. சாதாரணமாக இது வீட்டு வாசலில் ஒரு மண் தட்டில் எரியும் சின்ன நெருப்புதான். ஆனால் கியோட்டோ நகரத்தில் மட்டும் ஊரே சேர்ந்து, ஊரைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் அதை ஏற்றுகிறது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்கு மலைச் சரிவில் பிரம்மாண்டமான எழுத்துக்களும் சித்திரங்களும் நெருப்பாய் எழுகின்றன. 'கோசான் நோ ஒக்குரிபி' என்று பெயர். 'ஐந்து மலைகளின் வழியனுப்பு நெருப்பு' என்று அர்த்தம்.

என் தம்பி பல வருஷங்களாகக் கியோட்டோவில் குடும்பத்தோடு இருக்கிறான். அதனால் 2024 ஆகஸ்டில் இதை நேரில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பார்த்ததையும் கேட்டதையும் நம் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாமே என்றுதான் எழுதுகிறேன்.

ஓபோன் பிறந்த கதை

அந்த நாலு நாட்களுக்கு 'ஓபோன்' என்று பெயர். முன்காலத்தில் சந்திரனை வைத்துக் கணக்கிடும் ஏழாம் மாதத்தில் வந்துகொண்டிருந்தது. 1873-ல் ஜப்பான் ஆங்கிலக் காலண்டருக்கு மாறிய பிறகு, டோக்கியோ போன்ற இடங்களில் ஜூலையிலும், கியோட்டோ உள்பட நாட்டின் பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டு 13 முதல் 16 வரையிலும் அனுஷ்டிக்கிறார்கள். பட்டணத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்களாம். ரயிலில் இடம் கிடைக்காது. தீபாவளிக்கு நாம் ஊருக்குப் போகிற மாதிரிதான்!

இதன் வேர் நம் பக்கத்திலிருந்து போனது. 'உல்லம்பன' என்ற வடமொழிச் சொல் சீனா வழியாகப் போய் 'உராபோன்' என்றாகி, பிறகு 'ஓபோன்' என்று சுருங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். கதையும் புத்தரின் சீடரைப் பற்றியதுதான். அவர் பெயர் மௌத்கல்யாயனர். ஜப்பானியர்கள் 'மொக்குரென்' என்கிறார்கள். அவருக்கு ஞானதிருஷ்டி உண்டு. இறந்துபோன தன் அம்மா எங்கே எப்படி இருக்கிறாள் என்று பார்த்தாராம். பசித்த ஆவிகள் வாழும் உலகத்தில் எலும்பும் தோலுமாய்த் துடித்துக்கொண்டிருந்தாளாம். பதறிப்போய் ஒரு கிண்ணத்தில் சோறு கொடுத்தார். வாயருகே கொண்டுபோனதும் சோறு தீயாக மாறிவிட்டது. அழுதுகொண்டே புத்தரிடம் ஓடினார். "உன் ஒருவனால் முடியாது. மழைக்காலத் தவம் முடிந்து வெளியே வரும் துறவிகள் அத்தனை பேருக்கும் ஏழாம் மாதம் பௌர்ணமியன்று அன்னமிடு" என்றாராம் புத்தர். அவரும் அப்படியே செய்ய, அம்மாவுக்கு விடுதலை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஆடிய ஆட்டம்தான் ஓபோன் நாட்களில் ஊருக்கு ஊர் ஆடும் 'போன் ஒதோரி' நடனம் என்பது ஐதீகம்.

பெற்ற தாய் பசியோடு இருக்கிறாளே என்ற தவிப்பில் பிறந்த பண்டிகை இது. அதனால்தானோ என்னவோ, இதில் பாதி வேலை சமையலறையில்தான் நடக்கிறது!

அழைப்பு மணி

நான் கியோட்டோ போய் இறங்கியது ஆகஸ்ட் 8. மறுநாளே பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாள் எங்களை ஒரு கோயிலுக்கு அழைத்துப் போனார். எண்பது வயதைத் தாண்டியவர். என் தம்பி மனைவி நன்றாக ஜப்பானிய மொழி பேசுவாள். அவள் எடுத்துச் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டேன்.

ரொக்குதோ சின்னோஜி என்பது கோயிலின் பெயர். ஒரு காலத்தில் ஊரின் மயானத்துக்குப் போகும் வழி இது. இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே உள்ள வாசல் இங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகஸ்டு 7 முதல் 10 வரை இங்கே கூட்டம் நெரிகிறது. மூத்தோரை வீட்டுக்கு அழைக்க ஒரு மணி இருக்கிறது. மணி கண்ணுக்குத் தெரியாது. சுற்றிலும் அடைத்த ஒரு மண்டபத்துக்குள் இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கயிற்றைப் பிடித்து நம் பக்கமாக இழுக்க வேண்டும். உள்ளே 'ணங்'கென்று ஒரு ஓசை! அந்த ஓசை அந்த உலகம் வரை கேட்குமாம். "மற்றக் கோயில்களில் மணியைத் தள்ளி அடிப்போம். இங்கே இழுத்து அடிக்கிறோம். அவர்களை நம் பக்கம் இழுக்கிறோம்" என்றார் பாட்டியம்மாள்.

கோயில் வாசலில் 'கோயாமாக்கி' என்ற மரத்தின் கிளையை விற்கிறார்கள். ஊசி ஊசியாய்ப் பச்சை இலை. வருகிற ஆவிகள் அந்தக் கிளையைப் பற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேர்கின்றன என்பது கியோட்டோக்காரர்களின் நம்பிக்கை. பாட்டியம்மாள் அந்தக் கிளையை வழியெல்லாம் கைக்குழந்தையைப் பிடித்துக்கொள்வது போல் பிடித்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் கூட்டம். கிளை நசுங்காமல் இருக்க என் தம்பி மனைவி தன் இடத்தை அவருக்குக் கொடுத்தாள்.

வெள்ளரிக்குதிரையும் கத்தரிப்பசுவும்

13-ஆம் தேதி மாலை தோல் உரித்த சணல் குச்சிகளை மண் தட்டில் போட்டுக் கொளுத்துகிறார்கள். 'இதோ, நம் வீடு இங்கே இருக்கிறது' என்று அடையாளம் காட்டும் வெளிச்சம். வீட்டுப் பூஜை மாடத்தில் பழம், பூ, சோறு, தேநீர் எல்லாம் படைக்கிறார்கள். மீன், இறைச்சி சேர்க்காத சைவச் சாப்பாடுதான் படையல். இறந்து முதல் ஓபோன் என்றால் அந்த வீட்டில் விசேஷமாக வெள்ளை விளக்கு தொங்கவிடுவது உண்டு. வழி புதிது, தடுமாறிவிடக்கூடாதே என்று!

டோக்கியோவைச் சேர்ந்த கிழக்குப் பகுதிகளில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு வெள்ளரிக்காய்க்கும் ஒரு கத்தரிக்காய்க்கும் குச்சியால் நாலு நாலு கால் செருகி மாடத்தில் நிறுத்திவைக்கிறார்கள். வெள்ளரிக்காய் குதிரை. கத்தரிக்காய் பசு. எதற்குத் தெரியுமோ? வரும்போது குதிரையில் ஏறி வேகமாக வந்துவிட வேண்டும். போகும்போது பசுவின் மேல் ஏறி மெதுவாகப் போக வேண்டும்! இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. பிள்ளைகள் ஊரிலிருந்து வந்தால் நமக்கும் அதே ஆசைதானே?

கியோட்டோவில் 16-ஆம் தேதி காலை 'அராமே' என்ற கறுப்புக் கடற்பாசியைச் சமைக்கிறார்கள். ஊறவைத்து, வேகவைத்து, பொரித்த டோஃபுத் துண்டுகளோடு சோயா சாஸும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுச் சுண்டவைக்க வேண்டியதுதான். அது வெந்த கறுப்புத் தண்ணீரை வாசலில் தெளிப்பார்கள். 'நேரமாகிவிட்டது, கிளம்புங்கள்' என்பது அதன் அர்த்தம். இதற்கு 'விரட்டும் அராமே' என்றே பெயர்.

"என்ன இது! ஆசையாகக் கூப்பிட்டுவிட்டு விரட்டுவார்களா?" என்று கேட்டேன். பாட்டியம்மாள் சிரித்துவிட்டார். "அவர்களுக்கும் போக மனசு வராது. எங்களுக்கும் அனுப்ப மனசு வராது. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதைச் சமையலறை சொல்லிவிடுகிறது" என்றார்.

ஐந்து மலைகள்

இனி அந்த மலை நெருப்புக்கு வருவோம்.

முதலில் எரிவது நகரத்தின் கிழக்கே உள்ள டைமோன்ஜி மலை. அதன் உயரம் 465 மீட்டர். அதன் சரிவில் 'டாய்' என்ற எழுத்து. 'பெரிய' என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற எழுத்து அது. ஒரு மனிதன் இரண்டு கைகளையும் நீட்டி, கால்களை அகட்டி நிற்பது போல் இருக்கும். அதில் ஒரு கோடு 80 மீட்டர், இன்னொன்று 160 மீட்டர், மூன்றாவது 120 மீட்டர் நீளம். மொத்தம் 75 நெருப்பு மேடைகள்.

ஐந்து நிமிஷம் கழித்து வடக்கே 'மியோ', 'ஹோ' என்று இரண்டு எழுத்துக்கள் எரியும். 'உன்னதமான தர்மம்' என்று பொருள். இவை தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் பெயரில் வருபவை. நெருப்பு அடங்கியதும் அந்தப் பேட்டையிலுள்ள யூசென்ஜி கோயிலில் எல்லாரும் கூடிப் பழைய பாட்டுக்கு ஆடுகிறார்கள்.

அடுத்தது படகு. 79 நெருப்புகளால் ஆனது. ஆவிகளை அக்கரை சேர்க்கும் படகு. அதற்கடுத்து மறுபடியும் ஒரு 'டாய்', கொஞ்சம் சின்னது, 53 நெருப்பு. இதற்கு 'இடது டைமோன்ஜி' என்று பெயர். இதை நாம் எழுத்து எழுதுவது போலவே முதல் கோடு, இரண்டாம் கோடு என்று வரிசையாக ஏற்றுகிறார்கள். கடைசியாக எட்டு இருபதுக்கு மேற்கே ஒரு கோயில் தோரண வாயில். 108 தீப்பந்தங்களைக் கையில் ஏந்தி ஓடிப்போய் நடுகிறார்கள். கிழக்கே தொடங்கிய வழியனுப்பு மேற்கே வாசலில் போய் முடிகிறது.

ஒவ்வொன்றும் எரிவது அரை மணி நேரம்தான். அதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பைக் கேளுங்கள்! முதல் மலைக்கு மட்டும் சுமார் 600 கட்டு விறகு வேண்டும். எல்லாம் பைன் மரம். மாதக்கணக்கில் முன்பே வெட்டிப் பிளந்து காயவைக்க வேண்டும். அன்றைக்கு அதைக் குறுக்கும் நெடுக்குமாக ஓர் ஆள் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி, இடுக்குகளில் காய்ந்த பைன் இலையைச் செருகுகிறார்கள். வைக்கோலும் வைக்கிறார்கள். வைக்கோல் சட்டென்று பற்றும், இலை நெருப்பை மேலே கொண்டுபோகும், கட்டை நின்று எரியும். அடுப்பு மூட்டத் தெரிந்த நமக்கு இது சொல்லாமலே புரியும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் அரசாங்க ஊழியர்களோ சம்பளத்துக்கு வந்தவர்களோ இல்லை. ஒவ்வொரு மலைக்கும் அடிவாரத்து ஊர்க் குடும்பங்கள் உண்டு. முதல் மலைக்கு, வெள்ளிக் கோயில் என்று பெயர் பெற்ற கின்காக்குஜிக்குப் பக்கத்திலுள்ள ஜோடோ-இன் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். அப்பாவுக்குப் பின் பிள்ளை என்று பரம்பரை பரம்பரையாகச் செய்து வருகிறார்கள்.

யார் ஆரம்பித்தது? ஒன்பதாம் நூற்றாண்டின் கூக்காய் என்ற மகான் என்று சிலர் சொல்வார்கள். அந்த வெள்ளிக் கோயிலைக் கட்டிய அஷிகாகா யோஷிமாசா என்ற பிரபு, 1489-ல் போர்முகாமில் இறந்துபோன தன் மகனுக்காக ஏற்றினார் என்பது இன்னொரு கதை. எழுத்தில் கிடைத்துள்ள முதல் சான்று 1603-ஆம் வருஷத்து நாட்குறிப்பு ஒன்று. மலைகள் எரிவதைப் பார்க்க ஆற்றங்கரைக்குப் போனேன் என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ராஜா கட்டளை, சாஸனம் என்று எதுவும் இல்லை. ஊர் ஜனங்களே ஆரம்பித்து ஊர் ஜனங்களே காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

விறகில் எழுதிய பெயர்

இந்த விறகோடு இன்னொன்றும் எரிகிறது. 'கோமாகி' என்று சின்னச் சின்ன மரக்கட்டைகள். நம் 'ஹோமம்' என்ற சொல்தான் அங்கே போய் 'கோமா' ஆகியிருக்கிறது. 'கி' என்றால் மரம். ஆகஸ்ட் 15-ம், 16 பகலிலும் வெள்ளிக் கோயிலின் அருகே மேஜை போட்டு வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஒரு கட்டை வாங்கி, இறந்தவர் பெயரையோ, நோயாளியின் பெயரையும் வயதையும் நோயையுமோ எழுதிக் கொடுக்கலாம். அதை மலைக்குக் கொண்டுபோய் விறகோடு சேர்த்துவிடுவார்கள்.

இங்கே என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் அம்மா 2021 மே மாதம் கொரோனாவில் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம். வாசலில் கொண்டுவந்து கிடத்தவும் இல்லை, குளிப்பாட்டவும் இல்லை, வாய்க்கரிசி போடவும் இல்லை. தம்பியால் விமானம் ஏற முடியவில்லை. மூத்த பிள்ளை அவன். போனில்தான் பார்த்தான். அந்த நாட்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்ந்ததுதான் எங்களுக்கும் நேர்ந்தது. அதற்குப் பிறகு அவன் அம்மாவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான். நான் போனில் எடுத்தால்கூட, "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவான். அவன் வீட்டுச் சுவரில் அம்மா படம்கூட இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார் அண்ணி" என்று தம்பி மனைவி என்னிடம் வருத்தப்பட்டாள்.

16-ஆம் தேதி காலை நாங்கள் எல்லாரும் போய் வரிசையில் நின்றோம். நல்ல வெயில். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் முறை வந்ததும் நான் பேனாவை எடுத்தேன். "நான் எழுதறேன்க்கா" என்று தம்பி கையை நீட்டினான்.

தமிழில்தான் எழுதினான். அம்மா பெயரை எழுதி, கீழே 'அம்மா' என்றும் எழுதினான். கட்டையைக் கொடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர் அவசரப்படுத்தவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கி, தலைகுனிந்து வணங்கி, மற்றக் கட்டைகளோடு வைத்தார். திரும்பி நடந்து வரும்போது தம்பி சொன்னான்: "2021-ல ஆறே ஆறு புள்ளிதான்க்கா எரிஞ்சுது. நான் தனியாப் போய் ஆத்தங்கரையில நின்னு பார்த்தேன். அம்மாவுக்கும் அவ்வளவுதான் கிடைச்சுதுன்னு நினைச்சுண்டேன்." மூன்று வருஷத்தில் அவன் அம்மாவைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது.

எரியாத வருஷங்கள்

அவன் சொன்ன ஆறு புள்ளி என்னவென்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கொரோனா காலத்தில் கூட்டம் சேரக்கூடாது, மலையில் ஆட்களும் நெருங்கி நிற்கக்கூடாது என்று 2020-லும் 2021-லும் நெருப்பைச் சுருக்கிவிட்டார்கள். முதல் மலையில் 75-க்குப் பதிலாக ஆறு மட்டும். எழுத்துத் தெரியாது, வெறும் புள்ளிகள்தான். ஆனாலும் ஏற்றாமல் விடவில்லை. 2022-ல்தான் மறுபடி முழு எழுத்து எரிந்தது.

அதே 2020-ல் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஆகஸ்ட் 8 இரவு யாரோ சிலர் மலையேறி விளக்குகளால் அந்த எழுத்தை ஒளிரவிட்டார்கள். ஊரை உற்சாகப்படுத்துவதாக நினைப்பு போலிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ரொம்ப வருத்தம். இது கண்காட்சி இல்லையே! தேதி தப்பி வழியனுப்பினால் வீட்டுக்கு வராத விருந்தாளியை வெளியே போகச் சொன்ன மாதிரி அல்லவா?

யுத்த காலத்தில் 1943 முதல் 1945 வரை நெருப்பே கிடையாது. இரவில் வெளிச்சம் கூடாது என்று உத்தரவு. விறகுக்கும் ஆளுக்கும் பஞ்சம். ஆனால் 1943-ல் ஊர்க்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்ன செய்தார்கள் தெரியுமோ? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் மலையேறி, நெருப்பு எரிய வேண்டிய இடத்தில் தாங்களே எழுத்தாக நின்றார்கள்! பகலில் தெரியும் வெள்ளை எழுத்து. யுத்தம் முடிந்த மறுவருஷம், 1946-ல், நெருப்பு திரும்பி வந்தது.

இந்த நெருப்புக்கு ஒரு மனவருத்தமும் உண்டு. 2011 மார்ச் 11 சுனாமியில் வடக்கே ரிக்குசென்தகாட்டா என்ற கடற்கரை ஊர் அழிந்துபோனது. அங்கே கரையோரம் இருந்த சுமார் 70,000 பைன் மரங்களில் ஒன்றே ஒன்றுதான் தப்பியது. விழுந்த மரங்களின் விறகில் அந்த ஊர் ஜனங்கள் இழந்தவர்களின் பெயரையும் சொல்ல நினைத்ததையும் எழுதினார்கள். மொத்தம் 333 கட்டைகள். கியோட்டோ மலையில் எரிப்பதாக ஏற்பாடு. ஆனால் அணு உலை விபத்து நடந்த சமயம். கதிர்வீச்சு வந்துவிடுமோ என்று கியோட்டோவில் பயம் கிளம்பியது. அந்தக் கட்டைகளைச் சோதித்ததில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நிறுத்திவிட்டார்கள். கட்டைகளை அந்த ஊரிலேயே ஆகஸ்ட் 8 அன்று எரித்தார்கள். இது நியாயமா என்று நாடெங்கும் கண்டனம். மறுபடி வேறு விறகு வரவழைத்தார்கள். அதில் கதிரியக்கப் பொருள் இருப்பது தெரிந்து, கடைசியில் எரிக்காமலே விட்டார்கள்.

குழந்தைகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்த தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரை ஒரு கட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அது வேண்டாமென்று சொன்னதைக் கேட்ட தாயின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? வழியனுப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எட்டு மணி

அன்று இரவு கமோ நதிக்கரையில் தலை தலையாய்க் கூட்டம். ஏழு மணிக்கே மலைமேல் கூக்காய் மகானின் சின்னச் சந்நிதியில் சூத்திரம் ஓதி, அங்கே எரியும் தீபத்திலிருந்து நெருப்பு எடுப்பார்களாம். எட்டு மணி நெருங்கியதும் கடைகளின் விளம்பர விளக்குகள் அணைந்தன. ஆயிரக்கணக்கான ஜனங்கள், ஆனால் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது!

முதலில் ஒரு பொட்டு. அடுத்த நிமிஷமே நாலா பக்கமும் பொட்டுப் பொட்டாய்ப் பற்றிக்கொண்டு, கைகால் விரித்த ஒரு மனித வடிவம் மலையில் எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள். பாட்டியம்மாள் ஏதோ முணுமுணுத்தார். அவர் கணவர் பெயராம். கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. 'டைமோன்ஜி-யாக்கி' என்று வெளியூர்க்காரர்கள் சொன்னால் கியோட்டோக்காரர்களுக்குப் பிடிக்காது. 'யாக்கி' என்றால் எரிப்பது, சுடுவது. "நாங்கள் எதையும் சுடவில்லை, வழியனுப்புகிறோம்" என்பார்கள்.

என் ஆறு வயது மருமகள் தம்பியின் தோளில் உட்கார்ந்திருந்தாள். "அத்தை, பாட்டி அந்த நெருப்பு மேல ஏறிப் போறாங்களா? சுடாதா?" என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தம்பிதான் சொன்னான்: "இல்லடா கண்ணு. ராத்திரி பாட்டி கிளம்பறப்போ வழி தெரியணும் இல்லையா? அதுக்கு நாம டார்ச் அடிக்கிறோம்." அவள் உடனே மலையைப் பார்த்துக் கையை ஆட்டி, "டாட்டா பாட்டி, போயிட்டு வாங்க!" என்று கத்தினாள்.

நம் பக்கத்துப் பேச்சு அது. யார் கிளம்பினாலும் 'போ' என்று சொல்ல மாட்டோம், 'போயிட்டு வா' என்போம். பாட்டியம்மாளுக்கு அதைத் தம்பி மனைவி மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் அந்தக் குழந்தையின் காலைத் தொட்டு, "சரியாகச் சொன்னாய். அடுத்த வருஷம் வருவார்கள்" என்றார்.

அரை மணியில் நெருப்பு சிவந்து, மங்கி, மலை பழையபடி கறுப்பானது. மறுநாள் காலையில் சிலர் மலையேறிப் போய், மிஞ்சிய கரித்துண்டுகளைப் பொறுக்கி வந்தார்கள். அதைக் காகிதத்தில் சுற்றி வாசலில் கட்டினால் நோய் வராது, திருடன் வரமாட்டான் என்பது நம்பிக்கை. பொடித்துத் தண்ணீரில் கலந்து குடிப்பதும் முன்பு உண்டாம். அதை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்! வாசலில் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்த நாலு நாளைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். துக்கத்துக்கு ஒரு வாசல் வேண்டும். வருவதற்கு ஒரு நாள், போவதற்கு ஒரு நாள் என்று வைத்துவிட்டால் அது வருஷம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து நம்மை அழுத்தாது. அந்த நாலு நாளில் மனம்விட்டு அழலாம், பேசலாம், பிடித்ததைச் சமைத்து வைக்கலாம். பிறகு, 'நேரமாச்சு' என்று சொல்லவும் வேண்டும். அப்படிச் சொல்வது அன்புக் குறைவு இல்லை.

இரண்டாவது, குழந்தைகள். தாத்தா பாட்டி இறந்தால், 'சாமிகிட்ட போயிட்டாங்க' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த ஊரில் குழந்தைகள் கிளையைப் பிடித்து வருகிறார்கள், மணிக் கயிற்றை இழுக்கிறார்கள், வெள்ளரிக்காய்க்குக் கால் செருகுகிறார்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் பயம் குறைகிறது. திதி நாளில் விளக்கேற்றவும் இலை போடவும் நம் குழந்தைகளையும் கூப்பிடுங்கள். "பாட்டிக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். "பாட்டி எங்கே?" என்று அவர்கள் கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொன்னால் போதும். நெருப்பின் பக்கத்தில் மட்டும் பெரியவர்கள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் பேசாமல் இருக்கும் ஆண்களைக் கவனியுங்கள். 'அவருக்கு ஒன்றும் இல்லை, மறந்துவிட்டார்' என்று நினைக்காதீர்கள். கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். கையில் ஒரு பேனாவும் எழுத ஒரு பெயரும் கொடுத்துப் பாருங்கள்.

கியோட்டோவில் இப்போது என் தம்பி வீட்டுச் சுவரில் அம்மா படம் மாட்டியிருக்கிறது. ஓபோன் வந்தால் அதன் முன் தம்பி மனைவி அம்மாவுக்குப் பிடித்த மோர்க்குழம்பு வைக்கிறாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் அராமே வருகிறது. இங்கிருந்து ஒரு கிண்ணம் மோர்க்குழம்பு அங்கே போகிறது. புளிப்பு ரொம்பப் பிடித்துவிட்டதாம் பாட்டியம்மாளுக்கு. செய்முறை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறார்!